பரிசு: நாத்தனார் ஒன்று

கண்டக்டரம்மா இரத்தம் கொடுப்பதை ஒரு பெரிய காரியமாக நினைத்ததே கிடையாது. நகம் வெட்டுவது மாதிரிதான் அது. நாலு மாதம் ஆனால் ஞாபகம் வரும். பஸ் டெப்போவிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போவாள், மூன்றாம் மாடி இரத்த வங்கியில் படுப்பாள், ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே பெரிய நர்ஸிடம் ஊர்வம்பு பேசுவாள், ஒரு கப் டீயும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிடுவாள், தோல்பையை மாட்டிக்கொண்டு அடுத்த ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவாள். பதினொரு வருடமாக இப்படித்தான். எதற்குக் கொடுக்கிறாய் என்று யாராவது கேட்டால், "இருக்கு, குடுக்கறேன்" என்பாள். அதற்கு மேல் காரணம் அவளுக்கே தெரியாது.

பிறகு இரத்த வங்கியில் ஃபிளாஸ்க் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஃபிளாஸ்க்கை நான் குறை சொல்லவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் என் மேல் பாய வேண்டாம். ஒரு வருடம் இரத்தம் கொடுக்க ஆளே வரவில்லை. வங்கியிலிருந்த ஒரு புத்திசாலி, வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு ஃபிளாஸ்க் கொடுத்துப் பார்ப்போமே என்றார். கொடுத்தார்கள், கூட்டம் வந்தது. வந்தவர்களின் இரத்தமும் நல்ல சிவப்பாக, நோய் நொடி இல்லாமல்தான் இருந்தது. கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்க வேண்டியது. ஆனால் நன்றாக நடக்கிற ஒரு காரியத்தைச் சும்மா விட்டுவைக்க எந்த அலுவலகத்துக்காவது மனசு வந்திருக்கிறதா? ஃபிளாஸ்க்குகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கிடங்கு அலுவலர் வந்தார். கிடங்கு அலுவலரைப் பார்த்துக்கொள்ள ஒரு துணை இயக்குநர் வந்தார். துணை இயக்குநர் இருந்துவிட்டு இயக்குநர் இல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும்? அவரும் வந்தார். 'இரத்ததான ஊக்குவிப்பு இயக்ககம்' என்று வாசலில் பலகை வந்தது. இரத்தம் எடுக்கும் கட்டில்கள் பன்னிரண்டு இருந்தன. பரிசுகளைக் காட்சிக்கு வைக்கக் கண்ணாடி அலமாரி வேண்டும் என்று அதில் ஒன்பதைத் தூக்கிவிட்டார்கள். அந்தப் புத்திசாலியை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

இதெல்லாம் நடந்தபோது கண்டக்டரம்மாவுக்கு ஒன்றும் தெரியாது; ஒரு வருடமாக அவளால் அந்தப் பக்கமே போக முடியவில்லை. அவளுக்கு வீட்டிலேயே தலைக்கு மேல் வேலை. அவளுடைய நாத்தனாருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்து போய்விட்டது.

நாத்தனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணவனின் அக்கா. கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் நுழைந்த அன்றைக்கே, "சிரிச்சா ஈறு தெரியுதே" என்று வரவேற்ற மகராசி. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடமாக அந்த வாய் ஓய்ந்ததில்லை. உப்பு கம்மி, துணி பிழிந்தது சரியில்லை, "பஸ்ஸுல அத்தனை பேருக்கு ரைட் ரைட்டுங்கறே, வீட்டுல எனக்கு ஒரு தடவை சரின்னு சொல்ல வாய் வருதா?" கண்டக்டரம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. பதிலுக்குப் பதில் கொடுப்பாள். வீட்டில் எதிலுமே ஒத்துப்போகாத இந்த இரண்டு பேருக்கும் ஒன்றே ஒன்றில்தான் ஒத்துப்போயிற்று. இரண்டு பேருக்கும் பி நெகட்டிவ்.

வியாழக்கிழமை காலையில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. இரண்டு பை இரத்தம் வேண்டும், இருப்பில் ஒரு பைதான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னொரு பை இல்லாவிட்டால் கத்தியைத் தொட மாட்டார். வெள்ளிக்கிழமையிலிருந்து அவருக்கு இரண்டு மாத விடுப்பு. நாத்தனார் ஏற்கெனவே அரை வருடமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடுகிறாள், தூங்கி எத்தனையோ நாளாகிறது. இதில் இன்னும் இரண்டு மாதம் என்றால் என்ன ஆவாள்? அவள் தம்பிக்கோ வேறு குரூப். ஆகையால் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கண்டக்டரம்மா மூன்றாம் மாடி ஏறினாள். இரண்டு மணிக்கு அவளுக்கு டூட்டி. அரை மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு வந்தாள், பாவம்.

கவுண்டர்க்காரர் எட்டுப் பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். பெயர், வயது, எடை, மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே முடிந்துவிட்டது. மிச்சம் ஏழு பக்கமும் பரிசு பற்றியது.

பதினான்காவது கேள்வி இப்படி இருந்தது: உங்களுக்குப் பரிசு வேண்டுமா? (அ) வேண்டும். (ஆ) மிகவும் வேண்டும்.

"சார், எனக்கு வேண்டாம். வீட்டுல ரெண்டு ஃபிளாஸ்க் இருக்கு. மூணாவதை வைக்க இடமில்லை."

"வேண்டாம்ங்கற கட்டமே இல்லையேம்மா."

"அதான் கேக்கறேன். எங்க போடறது?"

"யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லையே." கவுண்டர்க்காரர் நிஜமாகவே யோசித்தார். "பேசாம 'மிகவும் வேண்டும்'ல ஒரு டிக் போட்டுட்டுப் போயிடுங்க. ஆனா பதினஞ்சாவதுல ஜாக்கிரதை."

பதினைந்தாவது கேள்வி: நீங்கள் பரிசுக்காகத்தான் இரத்தம் கொடுக்க வந்தீர்களா? (ஆம் எனில் நீங்கள் இரத்தம் கொடுக்கத் தகுதியற்றவர்.)

கண்டக்டரம்மா இரண்டையும் மாறி மாறிப் படித்தாள். "அப்ப பதினாலுல ரொம்ப வேணும்னு சொல்லணும், பதினஞ்சுல அதுக்காக வரவேயில்லைன்னு சொல்லணுமா?"

"அதே. எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"அது நெசமா?"

"நெசமான்னுதான் பதினாறாவது கேள்வி. அதுக்கும் ஆமான்னு போட்டுடுங்க."

பதினொரு வருடமாகச் சில்லறை பாக்கி வைக்காமல் டிக்கெட் கிழித்த கை அது. பொய் எழுத வரவில்லை. பதினான்காவது கேள்விக்குப் பக்கத்தில் தானே ஒரு கட்டம் போட்டு, அதற்குள் 'வேண்டாம்' என்று குண்டு குண்டாக எழுதிக் கொடுத்தாள். கவுண்டர்க்காரர் அந்தப் படிவத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! இதை அடிக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. ஆளுக்கு நாலு மாசத்துக்கு ஒரு படிவம்தான். போய் அந்த பெஞ்சுல உக்காருங்க. ஊக்க ஆலோசகர் கூப்பிடுவார்."

பெஞ்சில் ஏற்கெனவே ஒரு டாக்ஸிக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் கதை நேர்மாறானது. பதினைந்தாவது கேள்விக்கு 'ஆம்' என்று எழுதிவிட்டார்.

"என் பழைய ஃபிளாஸ்க் உடைஞ்சு போச்சும்மா. அதான் வந்தேன். கேட்டாங்க, சொன்னேன்," என்றார் அவர். "போன வருஷம்கூட ஃபிளாஸ்க்குன்னு சொன்னதாலதான் வந்தேன். அதுக்கு முன்னாடி இந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. அப்ப எடுத்துக்கிட்டாங்களே? ஃபிளாஸ்க்குக்காக வந்தா என் ஒடம்புல இரத்தத்துக்குப் பதிலா டீயா ஓடும்?"

"நியாயமான கேள்விதான்," என்றாள் கண்டக்டரம்மா. "இப்ப என்ன பண்ணச் சொல்றாங்க?"

"ஆச்சரியப்படப் பயிற்சி குடுக்கறாங்க. எனக்குப் பரிசு கிடைக்கும்னு தெரியவே தெரியாதுங்கற மாதிரி முகத்தை வச்சுக்கணுமாம். மூணு தடவை ஃபெயில் ஆயிட்டேன்." அவர் கண்ணை அகல விரித்து, வாயைப் பிளந்து, "ஐயோ, ஃபிளாஸ்க்கா! எனக்கா!" என்று செய்து காட்டினார். "எப்படி இருக்கு?"

"பல்வலி மாதிரி இருக்கு."

"ஆலோசகரும் அதேதான் சொன்னார்," என்று டாக்ஸிக்காரர் பெருமூச்சு விட்டார்.

பத்து மணிக்கு ஊக்க ஆலோசகர் கண்டக்டரம்மாவைக் கூப்பிட்டார். ஒரு காலத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் அறை அது. இப்போது அங்கே ஒரு மெத்தை நாற்காலியும், சிரிக்கும் குடும்பத்தின் படமும் இருந்தன. குடும்பத்தில் ஆளுக்கொரு ஃபிளாஸ்க்.

"எத்தனை நாளா உங்களுக்கு இந்த மாதிரி இருக்கு?" என்று பரிவோடு கேட்டார்.

"எந்த மாதிரி சார்?"

"எதையும் எதிர்பார்க்காத மாதிரி."

"நல்லாத்தான் சார் இருக்கேன். எனக்கு ஃபிளாஸ்க் வேண்டாம், அவ்வளவுதான். இரத்தம் எடுத்துக்கோங்க. வியாழக்கிழமை ஆபரேஷன் இருக்கு."

ஆலோசகர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, நிதானமாக் கேளுங்க. ஒரு மனுஷன் ஒண்ணை வாங்கிக்கிட்டு ஒண்ணைக் குடுத்தா அதைப் புரிஞ்சுக்க முடியுது. அதுக்கு நான் வரைபடம்கூட வச்சிருக்கேன். ஒண்ணுமே வாங்காம குடுத்தா அதை எந்த வரைபடத்துல வைக்கறது? இந்த இயக்ககத்துல நாங்க அறுபத்தி நாலு பேர். ஊக்குவிச்சாத்தான் ஜனங்க குடுப்பாங்கன்னு நம்பி எங்களை வேலைக்கு வச்சிருக்காங்க. நீங்க பாட்டுக்கு வந்து சும்மா குடுத்துட்டுப் போனா, பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? நாங்க எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா? இதை ஒரு ஆலோசகரா நான் சொல்லலை. ரெண்டு பிள்ளைக்கு அப்பாவாச் சொல்றேன்."

கண்டக்டரம்மாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. ஆனால் சுவர்க் கடிகாரம் நகர்ந்துகொண்டிருந்தது.

"சரி சார், உங்க மனசையும் நோகடிக்கக் கூடாது. நான் இப்ப என்ன சொல்லணும்?"

"உங்களுக்குன்னு ஒரு ஆசை இருக்கும்ல? ஏதாவது ஒண்ணு. என்ன கிடைச்சா சந்தோஷமா இருப்பீங்க?"

"என் நாத்தனா எழுந்து நடந்தாப் போதும் சார்."

ஆலோசகரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அப்படிப் போடுங்க! இதைச் சொல்ல ஒரு மணி நேரமா?" என்று படிவத்தை இழுத்து, பரிசு என்ற இடத்தில் 'நாத்தனார்' என்றும், எண்ணிக்கை என்ற இடத்தில் 'ஒன்று' என்றும் எழுதி முத்திரை குத்தினார்.

"சார், அது..."

"மறுபடியும் வேண்டாம்னு சொல்லாதீங்க. முன்னேற்றம் தெரியுது. கிடங்குக்குப் போங்க, பரிசுச் சீட்டு குடுப்பாங்க. சீட்டுல இருக்கற நம்பர்தான் இரத்தப் பைக்கும் நம்பர். சீட்டு இல்லைன்னா பை இல்லை."

கிடங்கு அலுவலர் பெரிய பதிவேட்டைப் பிரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலால் வரி வரியாகத் தேடினார். மூன்று பக்கம் புரட்டியும் அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"நகவெட்டி இருக்கு. நாற்காலி இருக்கு. நாத்தனார் கையிருப்புல இல்லையே."

"சார், அது பொருள் இல்லை. என் புருஷனோட அக்கா."

"பொருளா ஆளான்னு முடிவு பண்ண எனக்கு அதிகாரம் கிடையாது. எழுதி வந்திருக்கறதை வழங்கணும், அவ்வளவுதான் என் வேலை. நாற்காலி எடுத்துக்கிறீங்களா? மடக்கி வச்சுக்கலாம்."

நாற்காலி பேசாது என்ற எண்ணம் கண்டக்டரம்மாவுக்கு ஒரு நொடி வந்தது. பொய் சொல்வானேன், வந்தது.

"சரி, நாற்காலியையே குடுங்க."

"ஆனா பொருளை மாத்தறதுன்னா இயக்குநர் கையெழுத்து வேணும். பதினஞ்சு நாள் ஆகும்."

"ஐயையோ! எனக்கு இன்னைக்கே குடுத்தாகணும் சார்."

கிடங்கு அலுவலர் கெட்டவர் இல்லை. விதியைத் தவிர வேறு எதையும் படிக்காதவர், அவ்வளவுதான். "கையிருப்புல இல்லாத பொருள் வெளியில எங்கேயாவது இருந்தா, நான் நேர்ல போய்ப் பார்த்து, 'நல்ல நிலையில் உள்ளது'ன்னு சான்று எழுதிட்டு சீட்டு தரலாம். விதி இருக்கு. இப்ப அது எங்க இருக்கு?"

"ரெண்டாம் மாடி. பதினேழாம் நம்பர் கட்டில்."

"பக்கத்துலதான். விழா முடிஞ்சதும் போயிடலாம்."

விழாவா? ஆமாம், அன்றைக்குப் பரிசளிப்பு விழா. எல்லா நாளும் அங்கே ஏதாவது ஒரு விழாதான் என்றாள் பெரிய நர்ஸ். அவளும் மற்ற நர்ஸுகளும் தட்டில் ஃபிளாஸ்க் ஏந்தி மேடையில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த மூன்று கட்டில்களையும் சேர்த்துப் போட்டு, மேலே பலகை அடித்து, மேடை செய்திருந்தார்கள். கண்டக்டரம்மா மேடை ஓரமாகப் போய் மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, கட்டில் வேண்டாம், நான் தரையிலேயே படுக்கறேன். எடுத்துடுங்களேன்."

"ஊசி இருக்கு, பை இருக்கு, உன் கையில நரம்பும் இருக்கு. நம்பர் இல்லாம பையை எடுத்தா கீழ வாங்க மாட்டாங்க கண்டக்டரம்மா," என்றாள் பெரிய நர்ஸ் உதட்டை அசைக்காமல். "எனக்கே கடைசியா யாருக்கு ஊசி போட்டேன்னு மறந்து போச்சு."

இயக்குநர் பேச எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல். ஒலிபெருக்கி தேவையில்லை, ஆனாலும் வைத்துக்கொண்டார்.

"பெரியோர்களே! கடந்த ஆண்டு நாம் வழங்கிய பரிசுகள் எட்டாயிரம். இந்த ஆண்டு பதினோராயிரம். சேகரித்த இரத்தம் எவ்வளவு என்று சிலர் கேட்கிறார்கள். அது வேறு துறை. நான் ஒன்று கேட்கிறேன். இரத்தத்தை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்? முப்பத்தைந்தே நாள்! அதற்குப் பிறகு கொட்டத்தான் வேண்டும். ஃபிளாஸ்க் அப்படியா? எத்தனை வருடமானாலும் கெடாது. அப்படியென்றால் இந்த நிறுவனத்தின் நிலையான சொத்து எது?"

"ஃபிளாஸ்க்!" என்று முதல் வரிசையிலிருந்த அறுபது பேர் சொன்னார்கள். எல்லாரும் இயக்ககத்து ஊழியர்கள்.

"இரத்தம் இல்லாமல்கூட ஓர் இரத்த வங்கி நடந்துவிடும். நாமே கடந்த மாதம் நடத்திக் காட்டினோம். ஊக்கம் இல்லாமல் நடக்குமா? சிலர் பரிசுக்காக வருகிறார்கள், அது பேராசை. சிலர் பரிசே வேண்டாம் என்கிறார்கள், அது திமிர். பரிசை மனதார விரும்பி, அதற்காக வராமல், கொடுத்தால் திடுக்கிட்டு வாங்கிக்கொள்கிற உத்தமர்களைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். இதோ, ஒருவர் கிடைத்துவிட்டார்!"

டாக்ஸிக்காரரை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். ஐந்தாவது தடவையில் பயிற்சி தேறிவிட்டார் போல. ஆனால் பதற்றத்தில், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, "ஐயோ, ஃபிளாஸ்க்கா! எனக்கா!" என்று அலறிவிட்டார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. உள்ளே இருப்பது எப்படித் தெரிந்தது என்று விசாரிக்க மூவர் குழு அந்த இடத்திலேயே அமைக்கப்பட்டது. குழு அவரை ஒரு பக்கமாகவும் ஃபிளாஸ்க்கை இன்னொரு பக்கமாகவும் கூட்டிக்கொண்டு போயிற்று. அவர் கையில் ஊசி குத்துவதைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பன்னிரண்டேகாலுக்குக் கிடங்கு அலுவலர் அளவு நாடா, பதிவேடு சகிதம் இரண்டாம் மாடிக்கு இறங்கினார். நாத்தனார் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தாள்.

"ஏண்டி, காலையில ஒன்பது மணிக்குப் போனவ. இரத்தம் குடுக்கப் போனியா, இரத்தம் ஊற வைக்கப் போனியா?" என்றாள். பிறகு பின்னால் நின்றவரைப் பார்த்தாள். "இது யாரு, தையற்காரரா?"

கிடங்கு அலுவலர் கட்டிலைச் சுற்றி வந்தார். "உற்பத்தி ஆண்டு?" என்று கேட்டார்.

"என்னது?"

"வயசைக் கேக்கறார் அண்ணி," என்றாள் கண்டக்டரம்மா. நடந்ததை முழுசாகச் சொல்லிவிட்டாள். சொல்லச் சொல்ல நாத்தனாரின் புருவம் மேலே ஏறிக்கொண்டே போனது.

"என்னைப் பரிசாக் குடுக்கறாங்களா? இவளுக்கா? நான் என்ன ஃபிளாஸ்க்கா? ஏன்யா, ஒரு பை இரத்தத்துக்கு நான் ஒருத்தி முழுசாவா? கூடக் குறையப் பேசிப் பார்க்க மாட்டீங்களா?"

"மூடி கொஞ்சம் லூஸு," என்று கிடங்கு அலுவலர் தனக்குள் சொல்லிக்கொண்டு எழுதினார். பிறகு கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையைப் படித்தார். முகம் வாடிவிட்டது. "இடுப்பு மூட்டு பழுதுன்னு போட்டிருக்கே! பழுதான பொருளை வழங்கக் கூடாதும்மா. இதைச் சரி பண்ணிக் கொண்டு வாங்க, அடுத்த நிமிஷம் சீட்டு எழுதித் தரேன்."

"சரி பண்ணத்தானே ஆபரேஷன்!" கண்டக்டரம்மா பதிவேட்டின் மேல் கையை வைத்துவிட்டாள். "ஆபரேஷனுக்கு இரத்தம் வேணும். இரத்தத்துக்குச் சீட்டு வேணும். சீட்டுக்கு அவங்க நல்லா இருக்கணுமா? எந்த ஊரு நியாயம் சார் இது?"

"நியாயம் நம்ம பிரிவுல வராது," என்றார் அவர். நிஜமாகவே வருத்தப்பட்டார். "அட்டை எப்படியோ போகட்டும். பொருள் என் கண்ணு முன்னாடி நாலு அடி நடந்துட்டா, 'நல்ல நிலை'ன்னு எழுத எனக்கு அதிகாரம் இருக்கு."

கண்டக்டரம்மா பையை எடுத்துக்கொண்டாள். "வேண்டாம் அண்ணி. நான் போய் இயக்குநர் கால்ல விழறேன். நீங்க படுங்க."

"நீ கால்ல விழுந்தா அதுக்கும் அந்தாள் ஒரு விழா வைப்பான்," என்றாள் நாத்தனார். "தள்ளு."

போர்வையை விலக்கிக் காலைத் தொங்கப்போட்டாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக வந்துவிட்டது. கண்டக்டரம்மா தாங்கப் போனாள். தொட்டால் செல்லாது என்று கிடங்கு அலுவலர் தடுத்தார்.

முதல் அடி வைக்கும்போது, "உன் பதிவேட்டுல கரையான் அரிக்க!" என்று அவரைத் திட்டினாள். இரண்டாவது அடிக்கு இயக்ககம் முழுவதும் வாங்கிக் கட்டிக்கொண்டது. மூன்றாவது அடிக்குத் தம்பிக்காரன். "வேளைக்கு உதவாத குரூப்பை வச்சுக்கிட்டு ஒரு தம்பி!" நாலாவது அடிக்குக் கால் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். வலி முகமெல்லாம் தெரிந்தது. கண்டக்டரம்மாவால் பார்க்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"இங்க பாருடி! நான் உசிரைக் குடுத்து நடக்கறேன், நீ சுவத்தைப் பார்க்கறியா!" என்று கத்திக்கொண்டே நாத்தனார் அந்த நாலாவது அடியையும் வைத்துவிட்டாள். அதே வேகத்தில் கண்டக்டரம்மாவின் தோளில் சாய்ந்தாள்.

'நல்ல நிலையில் உள்ளது. சத்தம் மட்டும் சற்று அதிகம்' என்று எழுதி, கிடங்கு அலுவலர் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

மூன்றாம் மாடியில் பெரிய நர்ஸ் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை நீலத் திரவத்தில் விட்டாள். சொட்டு கல்லாக மூழ்கியது; இரத்தம் நல்ல கெட்டி என்று அர்த்தம். மேடையின் ஓரத்திலேயே படுக்கவைத்து ஊசி போட்டாள். பை நிறைந்தது. டீ இல்லை, பிஸ்கட் இல்லை, அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்களாம். கண்டக்டரம்மா வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு, இரண்டு மணி பஸ்ஸுக்கு விசில் ஊதினாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணி. நாத்தனாரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, பச்சை அங்கி மாட்டி, அறுவை அரங்கின் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இரண்டு பை இரத்தமும் உள்ளே வந்துவிட்டது. டாக்டரும் கையுறை மாட்டியாயிற்று. தம்பிக்காரன் ஒரு ஓரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து, பதிவேட்டை அணைத்துக்கொண்டு கிடங்கு அலுவலர் ஓடிவந்தார்.

"நிறுத்துங்க! நிறுத்துங்க! வழங்கின பரிசைப் பிரிக்கறதுன்னா உரிமையாளர் சம்மதம் வேணும்!"

"நோயாளியே சம்மதம் குடுத்தாச்சு," என்றார் டாக்டர்.

"நோயாளி செவ்வாய்க்கிழமை பன்னிரண்டே முக்கால் வரைக்கும்தான் டாக்டர். அதுக்கப்புறம் பதிவேட்டுப்படி இவங்க சொத்து," என்று கண்டக்டரம்மாவைக் காட்டினார். "உங்களுக்கு நல்ல காலம்மா. வழங்கினப்ப நல்ல நிலை, ரெண்டே நாள்ல பழுது. உத்தரவாதத்துல வருது. இந்தப் படிவத்துல ஒரு டிக் போடுங்க, போதும்."

படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான். (அ) பழுது பார்க்கவும். (ஆ) மாற்றவும்.

கண்டக்டரம்மாவின் பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது, பழுது பார்த்துப் பிரயோசனமில்லை, மாற்றத்தான் வேண்டும் என்று. 'மாற்றவும்' என்று போட்டால் இவர்கள் மூட்டை மாற்றுவார்களா, ஆளையே மாற்றிவிடுவார்களா? இவர்களை நம்ப முடியுமா? ஆளுக்குப் பதிலாக மடக்கு நாற்காலியைக் கொடுத்து அனுப்பினாலும் அனுப்புவார்கள். 'பழுது பார்க்கவும்' என்று போட்டாலோ, தேய்ந்த மூட்டில் எண்ணெய் விட்டுத் தைத்துவிட்டால் என்ன செய்வது?

"மாத்திக்கறதுதான் லாபம்," என்று கிடங்கு அலுவலர் காதோடு சொன்னார். "நாலு மாசத்துல புதுசு வந்துடும். சத்தம் கம்மியான மாடல்."

தள்ளுவண்டியிலிருந்து நாத்தனார் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இவ்வளவு நேரம் யோசிக்கறே?" என்றாள். எப்போதும் இருக்கிற அதட்டல் அந்தக் குரலில் இல்லை. "ரெண்டே ரெண்டு கட்டம்தானே? சட்டுனு போட வேண்டியதுதானே?"

கண்டக்டரம்மா படிவத்தைத் தன் தோல்பையின் மேல் வைத்துக்கொண்டாள். இரண்டு கட்டங்களையும் விட்டுவிட்டு, படிவத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில் குனிந்து எழுதினாள். இரண்டு வரி எழுதினாள், கீழே கையெழுத்துப் போட்டாள், நீட்டினாள்.

கிடங்கு அலுவலர் வாங்கி, விதிப்படி உரக்கப் படித்தார். "மூட்டை மட்டும் மாற்றவும்..."

"மூட்டையா? யாரைடி மூட்டைங்கறே?" நாத்தனார் வண்டியிலேயே எழும்பப் பார்த்தாள். "கொஞ்சம் சதை போட்டா மூட்டையா? ஆபரேஷனுக்குப் போற நேரத்துலயும் உனக்கு என்னைக் குத்திக் காட்டணுமா?"

"அண்ணி, மூட்டு. இடுப்பு மூட்டு."

"இன்னும் ஒரு வரி இருக்கு," என்றார் கிடங்கு அலுவலர். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "ஆளை மாற்ற வேண்டாம். எனக்கு இவரேதான் வேண்டும்."

நாத்தனார் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. பணியாள் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். கதவு திறந்தது. வண்டியின் முன்பக்கம் உள்ளே போயிற்று. அப்போதுதான் பச்சை அங்கிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"சார், அந்த ரெண்டாவது வரியை இன்னொரு தடவை படிங்க," என்றாள் நாத்தனார். "எனக்குச் சரியாக் காதுல விழலை."